ஆதிலட்சுமி விசாரித்த மாப்பிள்ளை

யாரையும் நம்பாத ஆள் ஒருவரைக் காட்டு என்று எங்கள் தெருவில் கேட்டால், சின்னப் பிள்ளைகூட ஆதிலட்சுமி அக்கா வீட்டுக்கு வழி சொல்லும். பால்காரன் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பாள். கோயிலில் விபூதி கொடுத்தால்கூட ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று நான் கேலி செய்வேன். "நீ சிரிடி, ஏமாந்தவ வவுறு எரியறது ஒனக்கு எங்க தெரியும்" என்பாள்.

வேலையும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கரண்டுக்குப் போடும் பீங்கான் பீஸ் கட்டைகளைத் தரம் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து வருவதை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். சத்தம் பிசகினால் தூக்கிக் கடாசிவிடுவாள். அந்தக் கூலியிலும், வீட்டுக்காரர் நல்லமுத்து லோடு ஆட்டோ ஓட்டியதிலும்தான் மகள் சிவசங்கரியை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

கம்ப்யூட்டரை அக்கா நம்பினாளா என்றால், அதுதான் இல்லை. "உக்காந்த எடத்துல பட்டனைத் தட்டுறதுக்கு எவன்டி அவ்ளோ சம்பளம் குடுப்பான்? உள்ள என்னமோ இருக்குது" என்பாள். ஆனாலும் மகள் சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், தன்னைப் போல மண் தூசியில் இருமிக்கொண்டு கிடக்கக் கூடாது என்பதில் வெறியாக இருந்தாள். அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம், நடுவில் சிவசங்கரி மாட்டிக்கொண்டு முழித்தாள்.

நான் மெர்சி. எங்கள் ஊர்ப் பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பொம்பளை நடத்தும் கடை என்பதால்தான் மகளை என் கடைக்கு விட்டாள். விட்டாள் என்று சொல்வதும் தப்பு, கூடவே வந்தாள். வந்த முதல் நாளே கேபினில் இருந்த வெப் கேமராவைப் பார்த்துவிட்டு, "இது நம்மளப் பாக்குதா, நாம இதப் பாக்குறமா?" என்றாள். அது ஆன் ஆகவில்லை அக்கா என்று நான் சொல்லச் சொல்ல, கைக்குட்டையை எடுத்து அதன் தலையில் முக்காடு போட்டுவிட்டாள். மற்ற கஸ்டமர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

அது 2009. சிவசங்கரி கடைசி வருஷம் படிக்கும்போதே கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு சென்னைக் கம்பெனியில் செலக்ட் ஆகியிருந்தாள். ஆனால் அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்து, எல்லாக் கம்பெனிகளும் பிள்ளைகளைக் காக்க வைத்த காலம் அது. எப்போது வந்து சேர வேண்டும் என்று மெயில் வரும், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலமானால் தாயும் மகளும் என் கடைக்கு வந்துவிடுவார்கள். மகள் மெயிலைத் திறப்பாள். தாய் பின்னால் நின்று திரையையே முறைப்பாள். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் எந்த வரியும் தப்பிவிடக் கூடாது என்பது போல நிற்பாள்.

மகளின் பையைத் தினமும் கொட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் கூடப் படித்த பையன் எவனோ போன் பண்ணிவிட்டான். அவ்வளவுதான், சிம்மைப் பிடுங்கி அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிட்டாள். "அந்த நம்பர்தாம்மா கம்பெனில குடுத்திருக்கேன்" என்று அந்தப் பெண் அழுதது. "அதான் மெயிலு வருதுல்ல, போன் எதுக்கு?" என்றாள் அக்கா. என்ன ஜென்மமோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில்தான் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அன்புச்செல்வன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. நேரே போய்க் கேட்க மாட்டார்கள். வேறு காரியமாகப் போனது போலப் போய், டீக்கடையிலும் சலூனிலும் வாயைக் கிளற வேண்டும். இதில் அக்கா கெட்டிக்காரி. ஊரில் பல பேருக்கு மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்திருக்கிறாள். தன் மகளுக்கென்றால் விடுவாளா? துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எதுனா கேட்டா வாடகைக்கு வூடு பாக்க வந்தம்னு சொல்லு. நீ பேசாத, நான் பேசிக்கிறேன்" என்றாள்.

டீக்கடை, உரக்கடை, ரேஷன் கடை வரிசை, ஒன்றையும் விடவில்லை. சலூன்காரரிடம் போய், அந்த வீட்டுப் பையன் குடித்துவிட்டு வந்து முடி வெட்டிக்கொண்டதுண்டா என்று கேட்டாளே பார்க்கலாம்! அவர் பாவம், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தம்பி தலை நிமிந்து நடக்காதுங்க. தங்கமான புள்ள. ஆமா, வாடகை வூடுன்னீங்க?" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா, விசாரித்த ஒவ்வொருவரையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கும்போதுதான், "சரியான ஆளு மெர்சி. எங்க தட்டுனாலும் நல்லாதான் சத்தம் வருது" என்றாள். அவள் வாயிலிருந்து யாரைப் பற்றியும் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.

ஆவணியில் நிச்சயதாம்பூலம் ஆனது. தை மாதம் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள். வேலைக்குப் போவதைப் பற்றிப் பையன் வீட்டில் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு வந்தபோது சிவசங்கரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா, அப்பா போன்ல பேசறப்ப அவரு என் மெயில் பாஸ்வேர்டு கேக்குறாரு. நமக்குள்ள ஒளிவு மறைவு இருக்கக் கூடாதுன்னு சொல்றாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம் சங்கரி. அத யாருகிட்டயும் குடுக்கக் கூடாது. பீரோ சாவி மாதிரி அது" என்றேன்.

"நீ சும்மா இரு மெர்சி" என்று அக்கா என் வாயை அடைத்தாள். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவளுக்கு என்னா பயம்? நாளைக்குத் தாலி கட்டப் போறவரு கேக்குறாரு. குடுக்கலன்னா என்னா நெனப்பாரு? குடுடி."

பாலை நம்பாதவள், விபூதியை நம்பாதவள், என் கடைக் கேமராவுக்கு முக்காடு போட்டவள், அவளே சொல்கிறாள் குடு என்று! எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் கல்யாண விஷயத்தில் நான் யார்?

அதற்கப்புறமும் தினமும் வந்தார்கள். மெயில் வரவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை வந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த பெண்ணைச் சிவசங்கரி பார்த்திருக்கிறாள். அதே கம்பெனியில் அதே நாள் செலக்ட் ஆனவள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, லீவுக்கு வந்திருக்கிறாள். "நீ ஏன்டி சேரல?" என்று கேட்டாளாம்.

அன்றைக்கு அக்கா என் கடைக்குள் நுழைந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு ஆடியது. "எல்லாம் ஃபிராடு மெர்சி. அவளுக்குக் குடுத்துட்டு எம் பொண்ணுத எவனுக்கோ வித்துட்டானுங்க. போடு போன."

செலக்ட் ஆனபோது கொடுத்த பேப்பரில் இருந்த நம்பருக்கு நான்தான் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "மேடம், நாங்க செப்டம்பர்லயே ஜாயினிங் டேட் அனுப்பிட்டோம். உங்க கேண்டிடேட்தான் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, வேலை வேணாம்னு ரிப்ளை பண்ணியிருக்காங்க. போன்ல கேக்கலாம்னு பாத்தா நம்பர் வேலை செய்யல. அந்த சீட்டை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பளார் என்று ஓர் அறை. "கல்யாணத்துக்கு அவ்ளோ அவசரமாடி ஒனக்கு? நான் மண்ணுல கெடந்து சாவறது ஒனக்கு வெளயாட்டா?"

"நான் எழுதலம்மா. சத்தியமா நான் எழுதல." சிவசங்கரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எழுதாம ஒன் பேர்ல பேயா எழுதிச்சி?"

அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "அக்கா, அந்த மெயிலத் தெறக்க இன்னொருத்தராலயும் முடியும்" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அக்கா என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அன்புச்செல்வன் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன், ஸ்பீக்கரில்.

அவன் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஆமாங்க அத்தை, நான்தான் அனுப்புனேன். வந்த மெயிலயும் அழிச்சிட்டேன்" என்றான், ரேஷன் வாங்கிவிட்டேன் என்பது போல. "நைட் ஷிப்டு அது இதும்பாங்க. நான் உள்ள இருக்கறவன், எனக்குத் தெரியும். நிச்சயத்தன்னிக்கு நீங்கதான என்கிட்ட சொன்னீங்க, வேலைக்குப் போற பொண்ணு, கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாத்துக்குங்கன்னு? நீங்க இவ்ளோ நாளா பாத்தீங்க. இப்ப நான் பாக்குறேன்."

எவனாக இருந்தாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள், போனை என் பக்கம் நீட்டிவிட்டாள். நான்தான் பொறுக்க முடியாமல், "வைடா போனை!" என்று கத்திவிட்டுக் கட் பண்ணினேன்.

"அவன் கேட்டப்ப ஒனக்காவது சந்தேகம் வரலியாடி?" என்று அக்கா மகளைக் கேட்டாள்.

சிவசங்கரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீ பையக் கேட்ட, காட்டினேன். போனக் கேட்ட, குடுத்தேன். அவரு பாஸ்வேர்டு கேட்டாரு, அதயும் குடுத்தேன். கேட்டா குடுக்கணும்னுதானம்மா எனக்குத் தெரியும்" என்றாள்.

அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன். என் கடையில், அத்தனை பேர் முன்னால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே நல்லமுத்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் சேத்தியாத்தோப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். காரணம் கேட்டவர்களுக்கு ஜாதகத்தில் கோளாறு என்று சொல்லிக்கொண்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் சொல்வது அதுதான். உண்மையைச் சொன்னால் பெண் பேர்தான் கெடும். கம்பெனிக்கும் நேரில் போய் நின்று பார்த்தார்கள். போன சீட்டு போனதுதான் என்று கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் அலைந்து திரிந்து, வேளச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் சிவசங்கரிக்கு வேலை கிடைத்தது. முன்னே சொன்ன சம்பளத்தில் பாதிகூட இல்லை. வேலை என்னவோ அதே பட்டன் தட்டும் வேலைதான்.

அந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வாசலில் நின்று, மாடு விலைக்கு இருக்கிறதா என்று கேட்டார். அந்தத் தெருவில் யாரிடமும் மாடே கிடையாது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த மாப்பிள்ளைய விசாரிக்க வந்தீங்க? உள்ள வாங்க" என்றாள்.

அவர் அசடு வழிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். புவனகிரிப் பக்கத்து ஆள். அன்புச்செல்வனுக்குத் தன் பெண்ணைப் பேசி முடித்துவிட்டாராம். இங்கே முறிந்துபோனது இப்போதுதான் காதுக்கு வந்ததாம். "ஜாதகம்னு சொன்னாங்க. இருந்தாலும் மனசு கேக்கல" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஜாதகம் என்றே சொல்லிவிடு அக்கா, நம் பெண் பேர் நமக்கு முக்கியம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, பாஸ்வேர்டு கொடுத்ததிலிருந்து சீட்டு போனது வரை அப்படியே சொல்லிவிட்டாள். தான் குடு என்று சொன்னதையும் சேர்த்து.

அந்த மனிதர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மெல்ல, "தப்பா நெனச்சிக்காதீங்க. காரணம் இல்லாம ஒருத்தன் அப்டிக் கேக்க மாட்டான். அந்த மெயில்ல வேற எதுனா இருந்துதுங்களா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முறத்தாலேயே ஒன்று போட்டிருப்பேன். அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"இருந்துதுங்க. எம் பொண்ணோட வேலை இருந்துது" என்றாள். "ஒங்க பொண்ணு என்னா படிச்சிருக்குது?"

"எம்.சி.ஏ.ங்க. கம்ப்யூட்டர்தான்."

"வேலை?"

"இன்டர்வியூலாம் முடிஞ்சிது. ஆர்டர் மெயில்ல வரும்னாங்க. ரெண்டு மாசமா அது பாக்குது, ஒண்ணும் வரல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் போல..."

அக்கா அவசரப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாப்பிள்ள பாஸ்வேர்டு கேட்டாரா?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகள் நம்பரைத் தப்பாக அழுத்தி, அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார்.