ஹஜ்ஜுக்குப் பின்னர் என்று சொல்லிவைத்தேன்

தாய்மார் ஆதரவுக் குழுவின் செயலாளர் என்பவன், பிறர் வீட்டுப் பிள்ளைகள் பிறப்பதற்காகக் கரையில் நின்று காத்திருக்கும் உத்தியோகம் பார்ப்பவன். ஜனாஸா நலன்புரிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில், எழுதத் தெரிந்த ஒரே குற்றத்துக்காகச் செயலாளராக்கப்பட்ட அன்பர்கள் என் நிலையை விளக்கமின்றியே உணர்வர். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அக்குழுவில் இருக்கும் ஆண்கள் இருவர். மற்றவர் படகோட்டி அந்தோனி.

எங்கள் ஊர் புத்தளம் களப்பின் கரையில் இருக்கிறது. எதிரே, வெயில் ஏறிய பின்னர் நீருக்குச் சற்று மேலே மிதப்பது போலத் தோன்றும் சிறு தீவொன்றில் சில மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஆஸ்பத்திரி இல்லை. தொலைபேசியும் ஒரு மணல் முனையில் நின்றால்தான் பேசும். அத்தீவில் வசிக்கும் ரிஸ்வானா என்ற இளம்பெண்ணின் முதற்பிள்ளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், களப்பின் நடுவே வள்ளத்திற் பிறந்து, கரையைக் காணாமலே போய்விட்டது. எங்கள் குழு தோன்றியது அதன் பின்னர்தான். அவள் மீண்டும் கருவுற்றாள். இந்தப் பிள்ளையாவது கரையிற் பிறக்க வேண்டும் என்பதே எங்களுக்கு இருந்த ஒரே வேலை.

சிவப்புத் துணி

அவசரமென்றால் தீவிலுள்ள மிக உயரமான கம்பத்தில் சிவப்புத் துணியொன்றை ஏற்றுவது என்று தீர்மானித்தோம். அதைக் கண்டதும் அந்தோனி இயந்திரப் படகை எடுப்பார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவிச்சி குமாரி மிஸ்ஸும் கூடச் செல்வார். நிறத்தை ஆராய்ந்தோம், உயரத்தை ஆராய்ந்தோம், காற்றின் திசையைக்கூட ஆராய்ந்தோம். அத்தீவில் மிக உயரமான கம்பம் எதற்காக நடப்பட்டது என்பதை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை.

ஒருநாட் காலை, களப்பு பால் ஆறினாற்போல் அசைவின்றிக் கிடந்தது. அந்த வெண்மையின் மறுகரையில் சிவப்பு அசைந்தது. குமாரி மிஸ் பையைத் தூக்கினார். அந்தோனி சாரத்தை மடித்துக் கட்டினார். என்ன செய்வதென்று தெரியாத நான் குடையுடன் படகில் ஏறிவிட்டேன். கிட்ட நெருங்க நெருங்கச் சிவப்புக்குப் பக்கத்திற் பச்சை தெரிந்தது, பின்னர் வெள்ளை, பின்னர் மஞ்சள். றபான் பறையின் ஒலியும் கேட்டது. அங்கே அடங்கியிருக்கும் இறைநேசரான அவுலியாவின் கந்தூரி விழாவுக்குக் கொடியேற்றிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வானாவின் மாமியார் சபியா உம்மா கரைக்கு வந்து, பையும் குடையுமாக நின்ற எங்கள் மூவரையும் மேலுங்கீழும் பார்த்தார்.

"இது அவுலியாவுக்கு ஏத்தின கொடி சேர். என்ட மருமகளுக்கு ஏத்த இன்னும் மாசம் கிடக்கு. வந்த காலோட சோத்தத் திண்டுட்டுப் போங்க."

ஒரு மாதம் பின்னால்

அந்த "இன்னும் மாசம் கிடக்கு" என்ற வாக்கியம்தான் குமாரி மிஸ்ஸின் தூக்கத்தைக் கெடுத்தது. ரிஸ்வானா கிளினிக்குக்கு வந்ததே பிந்தித்தான். மிஸ் அளவு நாடாவை அவள் வயிற்றின்மீது வைத்துப் பார்ப்பார், புருவத்தைச் சுருக்குவார், மீண்டும் வைத்துப் பார்ப்பார். நாடா ஒரு மாதத்தைச் சொல்லிற்று, சபியா உம்மா வேறொரு மாதத்தைச் சொன்னார்.

வெளியூர் அன்பர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திற் பிள்ளைத்தாய்ச்சியின் சரியான மாதத்தை எவரும் வெளியிற் சொல்வதில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற அச்சம். ஆகவே ஒரு மாதத்தைப் பின்தள்ளிச் சொல்வார்கள். ஊரின் கண்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்னரே பிள்ளை பிறந்து, பால் குடித்து, தூங்கிவிட வேண்டும். முதற்பிள்ளையின்போதும் அவ்வாறே சொன்னார்கள். அதனால் இன்னும் காலம் இருக்கிறதென்று நம்பித் தீவின் இயந்திரப் படகுகளெல்லாம் தொழிலுக்குப் போயிருந்தன. கணவன் நஸார் தனியே வள்ளம் வலித்தான். எங்களுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த காரணம், சபியா உம்மாவுக்கு வேறாகத் தெரிந்தது: எவரோ சரியான மாதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆகவே இம்முறை இன்னும் இறுக்கமாக மறைக்க வேண்டும். மிஸ்ஸிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லும்படி நான் நீண்ட நேரம் எடுத்துரைத்தேன். சபியா உம்மா பொறுமையாகக் கேட்டார், நான் முடிக்கும்வரை வெற்றிலையைக்கூட மடிக்கவில்லை.

"மிஸ்ஸுக்குச் சொன்னா குழுவுக்குச் சொல்லணும், குழுவுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரித்தானே. எங்களுக்காக எண்டு நீங்க கூட்டம் போட்டதே ஊர்ட கண்ண ஒரு இடத்தில சேர்த்து வெச்ச மாதிரி இரிக்கி சேர்."

ஆசிரியரின் முதற்பொய்

குழுவிலே வாய் திறவாத என் மனைவிதான் வழி சொன்னாள். சபியா உம்மா மறைக்கத் தேவையில்லை. அவருக்காக நாங்கள் மறைப்போம். சரியான மாதம் குமாரி மிஸ்ஸின் காதுக்கு மட்டும் போகட்டும். ஊருக்குச் சொல்ல வேண்டிய பொய்யைக் குழுவே பொறுப்பேற்றுச் சொல்லட்டும். அதற்கு ஊரில் எவரும் சந்தேகிக்காத ஒருவர் வேண்டும். எல்லாருடைய பார்வையும் என்மீது விழுந்தது. பிள்ளைகள் எழுதிய விடைகளிற் பிழை தேடியே கண் மங்கிய மனிதன் நான். பிழையான விடையை ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கே வந்தது. சபியா உம்மா மிஸ்ஸை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று காதிற் சொன்னார். மிஸ் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பிள்ளை ஹஜ் பெருநாள்வரைகூடக் காத்திராது.

துறையடியில் ஹனிபா நானாவின் தேநீர்க்கடையிற் சொன்னால் ஊர் முழுவதற்கும் சொன்னதாகும். ஆகவே அங்கே சென்றேன். அந்தோனியும் வந்தார். கேத்தலில் இருந்து எழுந்த ஆவிக்கு அப்பால், மறுகரைக் காற்றாடி ஆலைகள் நினைவிழந்தவைபோல மெல்லச் சுழன்றன. "அந்தப் புள்ளைக்கு எப்ப சேர்?" என்று நானா வழமைபோலக் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹஜ் பெருநாள் கழிந்து, அதன்பின் ஏறத்தாழ ஒரு திங்கள் நிறைவுற்ற பின்னரே மகப்பேறு நிகழக்கூடும் என அறியக்கிடக்கிறது" என்றேன். நானா கேத்தலைக் கையிற் பிடித்தபடி என்னையே பார்த்தார். வெளியே வந்ததும் அந்தோனி என் தோளைத் தொட்டார்.

"பொய்ய இப்பிடிச் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னா ஆர் சேர் நம்புவாங்க? அடுத்த முறை கொஞ்சம் பிளேன்டீயக் குடிச்சுக் குடிச்சுச் சொல்லுங்க."

களப்பின் நடுவே

தென்மேற்குக் கச்சான் காற்றுப் பெயர்ந்து வீசத் தொடங்கும் முன்னர் ரிஸ்வானாவைக் கரைக்குக் கொண்டுவந்தோம். என் மனைவியிடம் தையல் பழக வருகிறாள் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அதை நான் தேநீர் குடித்துக் குடித்துச் சொன்னேன், நம்பினார்கள்.

அன்று நீரும் வானும் ஒரே துணியில் வெட்டியவைபோல் இருந்தன. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. படகு நகர்கிறதா, அல்லது தீவுதான் எங்களை விட்டு விலகுகிறதா என்றும் தெரியவில்லை. ஓரிடத்தை அடைந்தபோது, எவரும் சொல்லாமலே அந்தோனி இயந்திரத்தின் வேகத்தைத் தணித்தார். ரிஸ்வானா கையை நீட்டி நீரைத் தொட்டாள். விரல்களுக்கிடையே சிறு கோடுகள் ஓடி மறைந்தன. என் வாழ்நாளிற் கற்ற சொற்களுள் அவ்விடத்திற் சொல்லத்தக்க ஒன்றையேனும் நான் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இந்தத் தண்ணி இப்ப எவ்வளவு சும்மா கிடக்கு பாருங்க சேர், ஒண்டும் தெரியாத மாதிரி."

மறுபடியும் சிவப்புத் துணி

அவள் எங்கள் வீட்டிலே தலையணை உறையொன்றைத் தைக்கத் தொடங்கினாள், ஓரம்கூட முடியவில்லை. பெருநாளுக்கு ஆடு பார்க்கத் தொடங்கியிருந்த நாட்களில் கச்சான் பெயர்ந்தது. களப்பு முழுவதும் வெள்ளை நுரை. அந்தத் தீவைப் புழுதியும் நீர்த்தூளும் விழுங்கின; எந்தப் படகாலும் கடக்க இயலாத காற்று. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடித்து நான் வந்தபோது, என் மனைவி வாசலில் நின்றாள். ரிஸ்வானாவுக்கு வலி கண்டிருந்தது. முச்சக்கர வண்டி வந்தது, குமாரி மிஸ் ஏறினார், என் மனைவி ஏறினாள். எனக்கு இடமில்லை. நான் துறையடிக்குச் சென்று, அவளைக் கரைக்குக் கொண்டுவந்திராவிட்டால் இக்கணம் அவள் எங்கே இருந்திருப்பாள் என்று அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறும் வேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியின் அழைப்பு வந்தது. பெண்பிள்ளை. அழைப்பின் பின்னணியில் அது அழுதது எனக்குக் கேட்டது.

நஸாருக்கு அறிவிக்க வழியில்லை. மணல் முனையில் நிற்க எவராலும் இயலாத காற்று. நீர்த்தூள் சற்று விலகித் தீவு தெரிந்த வேளையில், அந்தோனியும் நானும் துறையடிக் கம்பத்தில் எங்களிடமிருந்த சிவப்புத் துணியை ஏற்றினோம். அது படபடவென்று அடித்துக்கொண்டது. தந்தை கண்டுகொள்வான் என்று மனம் நிறைந்து நின்றோம். காற்றுத் தணிந்ததும் நஸார் உடுப்பெல்லாம் நனைய வந்திறங்கினான். செய்தியைச் சொன்னபோது மணலிலேயே இருந்துவிட்டான். பின்னர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"துணியக் கண்டனாங்கதான் சேர். உங்கட பக்கத்திலயும் கந்தூரியாக்கும் எண்டு நெனச்சிட்டுப் பேசாம இருந்துட்டம்."

தீர்ப்பு

பெருநாளன்று பிள்ளை என் வீட்டு விறாந்தையிலே புதுச்சட்டையுடன் தூங்கிற்று. சபியா உம்மா அதன் கன்னத்தில் மையினாற் பெரிய பொட்டொன்று வைத்துவிட்டு, அருகிற் காவல் இருந்தார். நான் தேநீர்க்கடைக்குச் சென்றேன். கடை நிறைந்திருந்தது. ஹனிபா நானா எனக்கு முன்னால் தேநீரை வைத்தார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"ஹஜ்ஜுக்குப் பிறகு எண்டீங்க, புள்ள உடுப்புக் கேட்டு முன்னுக்கே வந்துட்டு. எங்களுக்கெல்லாம் படிச்சுத் தந்த மனிசன், இந்தச் சின்னக் கணக்கு உங்களுக்கு வரல்லியே சேர்."

இவ்வூரிலே மாதக் கணக்குத் தெரியாத ஒரே ஆசிரியன் என்ற பெயரை அன்று முதல் மிகுந்த கவனத்துடன் காத்து வருகிறேன். அப்பெயரை நம்பித் தீவிலே இன்னும் சில வயிறுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.