காபிச் சூட்டுக்குத் திறக்கிற டப்பா

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருந்தார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு டப்பாவாவது வருஷத்துக்கு ஒரு முறை கப்பலேறும். ஊறுகாய், வடகம், கருவாட்டுப் பொடி, எதைப் போட்டாலும் சரி, கடைசியில் ஈயக்காரர் வந்து கரி அடுப்பை ஊதி, மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அது டப்பா இல்லை, பீரங்கிக் குண்டு. உள்ளிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கசியாது. ஆனால் உள்ளே இருப்பதைச் சாப்பிட நினைத்தவர்கள் பாடுதான் பாடு.

பெரியம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு. அவளுடைய ஒரே மகள், என் அக்கா, புருஷனோடு பிரான்சின் மார்செயில் இருந்தாள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அந்த வருஷம் அக்கா முழுகாமல் இருந்தாள். எதைத் தின்றாலும் குமட்டல். தன் அம்மா கையால் கிளறிய மாங்காய்த் தொக்கு இருந்தால் மட்டும் நாலு வாய் சோறு இறங்கும் என்று சொல்லியனுப்பினாள். பெரியம்மாவும் உடனே அனுப்பினாள், ஈயம் வைத்து. அங்கே மாமா பட்டாளத்துக் கத்தியால் டப்பாவைக் குத்தியிருக்கிறார். கத்தி வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. ஈயத் துணுக்கும் ரத்தமுமாகத் தொக்கில் விழ, அக்கா அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு அழுதாளாம்.

இது தெரிந்ததிலிருந்து பெரியம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

நான் அப்போது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து பிரெவே பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, மேலே என்ன என்று வீட்டில் முடிவாகாததால் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. கடிகாரத்தைக் கழற்றியாயிற்று, அதைத் திரும்பப் பூட்டியும் ஆயிற்று. இரண்டு திருகாணி மிஞ்சியும் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"பெரிம்மா, ஈயமே வாணாம். வெந்நீர் ஊத்துனா தொறக்கற மாதிரி ஒண்ணு பண்ணித் தரேன்."

"வெந்நீர்ல தொறக்குமா? அப்ப வெயில்லயும் தொறந்துக்குமே?"

கேள்வி சரியானது. அதுதான் முழுச் சிக்கலும். பால் பவுடர் டப்பாவின் மூடி, வாயில் அழுந்தி உட்காரும் வகை. சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் சூட்டுக்கு இளகி, ஆறினால் இறுகும் ஒன்றை உருக்கி ஊற்ற வேண்டும். அது கப்பல் வழியில் வரும் செங்கடல் வெக்கைக்கு இளகக் கூடாது. கொதிநீருக்கு இளகியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கிற பொருளைக் கண்டுபிடித்தால் அக்காவுக்குத் தொக்கு.

முதலில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். உள்ளே தொக்குக்குப் பதில் மஞ்சள் தண்ணீர். செங்கடலுக்கு எங்கே போவது? எங்கள் மொட்டைமாடிச் சித்திரை வெயிலே போதும் என்று டப்பாவைக் கைப்பிடிச் சுவர் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சுவருக்குக் கீழே கொடியில் அப்பாவின் வெள்ளை டிரில் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. மெழுகு கவனித்துவிட்டது போலிருக்கிறது.

மாலையில் அப்பா கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள்.

"நான் ஆபீசுக்குப் போறனா, கல்யாணப் பத்திரிகையா போறனா?" என்றார்.

அடுத்தது அரக்கு. தபாலாபீசில் முத்திரை வைப்பார்களே, அது. வெயிலைச் சட்டை செய்யவில்லை. கொதிநீரையும் சட்டை செய்யவில்லை. பெரியம்மா ஒரு தவலைத் தண்ணீரை ஊற்றி முடித்து, செம்பைக் கீழே வைத்து, தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி, புள்ள பொறந்து, அது பள்ளிக்கூடம் போவ ஆரம்பிச்சப்பறம்தான் இது தொறக்குமா?"

மூன்றாவதாகக் குங்கிலியப் பிசின். படகுப் பலகை இடுக்கில் மீனவர்கள் உருக்கி ஊற்றுவதைக் கடற்கரையில் பார்த்திருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து, மெழுகும் துளி விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினேன். வீடெல்லாம் சாம்பிராணி போட்டது போல் மணந்தது. எதிர்வீட்டுக்காரி வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, பிரசாதம் கிடைக்காமல் திரும்பினாள். மெழுகைக் குறைத்தும் கூட்டியும் பார்த்ததில் கடைசியில் ஒரு பதம் பிடிபட்டது. ஒரு பகல் முழுக்கக் கவிழ்ந்து கிடந்தும் டப்பா கசியவில்லை. சுடு தண்ணீரை மூடியில் ஊற்றி, கரண்டிக் காம்பால் நெம்பினால் மூடி அடக்கமாக எழுந்தது. அதைவிட அழகு, மறுபடி அழுத்தி, சூடான கரண்டி முதுகால் பள்ளத்தைத் தேய்த்துவிட்டால் திறந்த சுவடே இல்லாமல் மூடிக்கொண்டது. ஒரே பூச்சை எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அந்த வயதில் எனக்கு இதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் நடந்ததாகத் தோன்றவில்லை.

எடுத்துப் போக ஆளும் கிடைத்தார். தெருக்கோடியில் பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் ஒருவர், இந்தோசீனாவில் சண்டை போட்டவர், மகனைப் பார்க்க மார்செய் கிளம்பினார். எல்லோரும் அவரைச் சொல்தா மாமா என்போம்.

"பத்தரமாக் கொண்டுபோயிக் குடுக்கணும் அண்ணே. அவ வயித்துல ஒண்ணும் தங்கல," என்றாள் பெரியம்மா.

"பீரங்கியவே காட்டுலேருந்து இழுத்தாந்தவன் தங்கச்சி. ஒரு டப்பா என்கிட்டேருந்து தப்பிப் போயிடுமா?" என்று மீசையைத் தடவினார்.

கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. படகேறுவதற்கு முன் துவானில், அதாவது சுங்கச் சாவடியில், சோதனை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன இணைப்புக்குப் பிறகு அங்கே மதராஸ் பக்கத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். டப்பாவைத் தட்டிப் பார்த்த அதிகாரி, "உள்ளே என்ன?" என்றார்.

"தொக்கு."

"எல்லாரும் தொக்குன்னுதான் சொல்றாங்க. தொறங்க."

ஈயம் வைத்த டப்பா என்றால் அறுத்துத்தான் திறக்க வேண்டும். அப்புறம் அது கப்பலேறாது. பெரியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. எதிர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவந்து ஊற்றினேன். நெம்பினேன். மூடி எழுந்தது. தொக்கு வாசனை சாவடி முழுக்கப் பரவியது.

அதிகாரி, அடியில் ஏதாவது ஒளித்திருக்கலாம் என்று கரண்டியை விட்டுத் துழாவினார். கரண்டியை வெளியே எடுத்தவர் அதைத் துடைக்கத் துணி தேடவில்லை.

"இதுல வெந்தயம் வறுத்துப் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ஒரு பக்கம் மட்டும் பாத்தா சோதனை ஆவாது," என்று சொல்லி மறு பக்கமும் துழாவினார். பக்கத்து மேஜை குமாஸ்தாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் கரண்டியைச் சுடவைத்து மூடியை ஒட்டிக் காட்டியதும், "அட, எப்படி இது? இன்னொரு தடவ காட்டும்மா," என்றார். நானும் சந்தோஷமாக இன்னொரு தடவை திறந்தேன். சாட்சிகள் பெருகினார்கள்.

பெரியம்மா என் முழங்கைக்கு மேல் கிள்ளினாள். "போதும்டி. மூணாவது தடவ காட்டுனா வெறும் டப்பாதான் கப்பலேறும்."

சொல்தா மாமா இதையெல்லாம் மாணவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தண்ணி கொதிச்சே ஆவணுமாம்மா?" என்றார்.

"வாணாம் மாமா. காபிச் சூடு இருந்தாலே போதும்."

"கரண்டி?"

"சுடு தண்ணியில முக்கி எடுங்க. வழியில யாராச்சும் தொறக்கச் சொன்னா நீங்களே தொறந்து மூடிடலாம்."

"பியாங், பியாங்," என்று தலையாட்டினார். நல்லது நல்லது என்று அர்த்தம். இவ்வளவு அக்கறையாக என் கண்டுபிடிப்பை யாரும் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

தொக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் அக்கா எழுதியிருந்தாள். ஐப்பசி மழையில் சொல்தா மாமா திரும்பி வந்தார். பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் வந்தார். நானும் ஓடினேன். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"உன் மெழுகு இருக்குதே, அதுக்கு மெடல் குடுக்கணும்மா. செங்கடல்ல மனுசன் உருகிட்டான், அது உருகல. நான் தெனம் ரெண்டு வேள தொறந்து மூடிப் பாத்துட்டேன். பிசிறு இல்ல."

"ரெண்டு வேள எதுக்குத் தொறந்தீங்க?" என்றாள் பெரியம்மா.

"கப்பல்ல என்னா சோறு போடறான்னு நெனச்ச தங்கச்சி? அவிச்ச உருளக்கெழங்கு. உப்பு கூட இல்ல. காலையில காபி வரும், அத மூடியில ஊத்துவேன். கொஞ்சமாத்தான் எடுப்பேன். மூடுனா கடையில வாங்குன மாதிரி இருக்கும். மார்செய் துவான்காரனே, இது தொறக்காத டப்பான்னு சொல்லிட்டான்."

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. ஒரு நல்ல இயந்திரத்தைப் பழுதில்லாமல் ஓட்டிய பெருமைதான் இருந்தது.

"அப்ப எம் பொண்ணுக்கு?" என்றாள் பெரியம்மா.

"இருந்துச்சு. அடியில ஒரு வெரக்கட."

"ஒரு வெரக்கட."

"அத ஏன் கேக்கற. உம் பொண்ணு தொறந்து பாத்துச்சு. சுடச்சுட சோத்த டப்பாவுக்குள்ளயே கொட்டுச்சு. சுத்திச் சுத்தி வழிச்சுப் பெசஞ்சு, அடுப்பாண்டயே நின்னுட்டுச் சாப்புட்டுச்சு. புருசன் உக்காருன்னு சொல்றான், காதுல வாங்கல. எனக்குக்கூட ஒரு உருண்ட குடுத்துச்சு."

"அதையும் வாங்கித் துன்னீங்களா?"

"குடுத்த சோத்த வாணாம்னு சொல்லலாமா தங்கச்சி?"

பெரியம்மா அவரை அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"சாப்புட்டாளே, அது தங்குச்சா?"

"நான் பொழுது சாயற வரைக்கும் அங்கதான் இருந்தேன். தங்குச்சு. அதுலேருந்து அந்த வாசன பட்ட டப்பாவக் கழுவவே இல்ல. வெறும் சோத்த அதுல போட்டுத்தான் சாப்புடுதாம். மசக்கையும் அடங்கிப் போச்சு. இப்ப நல்லாத் தேறிடுச்சு."

பெரியம்மா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் காபியோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது, "குடிக்கத்தான் குடுக்கறேன், எதுமேலயும் ஊத்தாதீங்க," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் தட்டில் இரண்டு முறுக்கும் வைத்திருந்தாள்.

அடுத்த வாரமே பிரசவ லேகியம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் குங்கிலியத்தை எடுத்துக்கொண்டு போனபோது அங்கே ஈயக்காரர் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, மார்செய் மாமா மறுபடி கைய வெட்டிக்குவாரு."

"வெட்டிக்கட்டும், ஆறிடும். லேகியம் போயிச் சேரணும்."

"ஒரு தடவ தொறந்தா திரும்ப மூடவே முடியாத மாதிரி ஒண்ணு பண்ணலாம். தொறந்தாக் காட்டிக் குடுத்துடும். மூணு நாள் குடுங்க."

"பண்ணு. பேரப்புள்ள மொதப் பொறந்த நாளுக்கு அனுப்பறப்ப பாத்துக்கலாம்," என்று சொல்லி, ஈயக்காரரைப் பார்த்து, "இன்னும் ஒரு சுத்து வைங்கண்ணே," என்றாள்.

நான் அடுத்த திண்டிவனம் பஸ் பிடித்து மதராசில் வேறு பிசின்கள் கிடைக்குமா என்று பார்த்து வரட்டுமா என அப்பாவைக் கேட்கப் போனேன். அப்பா பதில் சொல்லும் முன் கொடியில் என்ன காய்கிறது என்று எட்டிப் பார்த்தார்.