செம்மஞ்சள் கீற்று

மகள் கைபேசியில் தன் படத்தின் குறுக்கே செம்மஞ்சள் கீற்று ஒன்றைப் போட்டுக் காட்டினாள். “பழைய பிலிம் படம் மாதிரி வடிவா இரிக்கு, என்னம்மா?”

அந்தக் கீற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சண்டைக் காலத்தில் அப்பா செங்கலடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒருமுறை கழுவிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஓரத்தில் அந்தக் கீற்று விழுந்திருந்தது. அப்பா கமராவின் பின்கதவைத் திறந்து தடவினார். வெளிச்சம் புகாமல் கதவோரம் ஒட்டியிருந்த பஞ்சு உக்கி, கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டியது. “சீ, இதுக்குள்ளாலதான் வெளிச்சம் பூருது.” பாதை மூடிக் கிடந்ததால் புதுப் பஞ்சு வரவில்லை. கதவைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு மாங்கேணிக்குக் கலியாணப் படமெடுக்கப் போனார்.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் அந்த டேப்பே வினையானது. உள்ளே எதையோ ஒளித்திருக்கிறார் என்று ஒரு சிப்பாய் அதை உரித்து, கதவைத் திறந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். “திறக்காதீங்க ஐயா, வெளிச்சம் பட்டா படம் பழுதாப் போயிரும்” என்று அப்பா கெஞ்ச, அவன் பல்லைக் காட்டினான்.

அடுத்த மாதம் அந்தக் கலியாணத்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மணப்பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். “தேடிப் போறதுக்கு அவர்ர முகம் தெரியிற படமொண்டு தாங்க.”

அப்பா தப்பிய படங்களை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் கழுத்துக்கு மேலே செம்மஞ்சள்.

மகள் கீற்றை இன்னும் கொஞ்சம் தன் முகத்தின் மேல் இழுத்தாள்.

“அழி அத” என்றேன்.