தை வரைக்கும் தாங்குகிற வைத்தியம்

போன வாரம் உடையார்பாளையத்தில் என் மச்சான் ராமலிங்கத்துக்குக் கருமாதி. என் மனைவியின் தம்பி. முந்திரி வியாபாரி. என்னைவிடச் சின்னவன். இந்தப் பக்கத்தில் வழக்கமாக உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன்... இந்த வாரம் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் அவனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. புற்று. திருச்சியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் ஊசி மருந்திலேயே ஓட்டலாம் என்றார்.

"எது சார் நல்லது?"

"மொத்தமா சராசரி பார்த்தா ரெண்டும் ஒண்ணுதாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தீர்கள் என்று கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று காட்ட மேஜை மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். எடுத்த எடுப்பில் சடாரென்று இறங்கி, அப்புறம் சமமாகப் போகிற கோடு. அது ஆபரேஷன். செய்துகொண்டவர்களில் சிலர் ஆரம்பத்திலேயே போய்விடுவார்கள். தாண்டிவிட்டவர்கள் வருஷக்கணக்கில் இருப்பார்கள். இன்னொரு கோடு — முதலில் சமமாகப் போய், பிறகு மளமளவென்று இறங்கியது. அது ஊசி மருந்து.

"ஒரு வைத்தியத்துல ஆபத்து இன்னொண்ணுல பாதின்னா, மொத நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் அதே பாதின்னு எடுத்துக்கிட்டுத்தாங்க வழக்கமா கணக்குப் போடுவாங்க. இவருக்கு அது ஒத்து வராது. இன்னைக்கு ஆபத்து ஆபரேஷன்ல. ஏழெட்டு மாசம் போனா ஆபத்து ஊசியில. ரெண்டு கோடும் நடுவுல வெட்டிக்குது. அதுக்குச் சராசரி எடுத்தா ஒண்ணுபோலத்தான் தெரியும்."

எது நல்லது என்று மட்டும் கேட்டால் போதாது. எதுவரைக்கும் நல்லது என்று கேட்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் டாக்டரிடம் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள்? நான் கேட்டதில்லை.

ராமலிங்கத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

"தைல பொண்ணுக்குக் கல்யாணம் சார். அதுவரைக்கும் நான் நடமாடணும். ஊசியே போடுங்க."

"கல்யாணம் முடிஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்றேன் நான்.

"அப்ப உடம்பு இடம் கொடுக்குமான்னு சொல்ல முடியாதுங்க."

"பரவால்ல மாமா" என்றான் அவன். "ஆபரேஷன்ல நான் போயிட்டா கல்யாணமே நின்னுடும்."

வெளியே வந்ததும் என்னிடம் சத்தியம் வாங்கினான். சம்பந்தி வீட்டுக்கு இது தெரியக் கூடாது. சம்பந்தி வாலிகண்டபுரத்துக்காரர், நல்ல விவசாயக் குடும்பம். "வியாதிக் குடும்பம்னு பேர் வந்துட்டா அவளுக்கு வேற இடமும் அமையாது மாமா." கேட்டால் அல்சர் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்த அல்சர் எத்தனை வியாதிகளைப் போர்த்தி மூடியிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

டாக்டர் சொன்னபடியே நடந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மொபெட்டில் சுற்றினான். அரியலூரில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தான். மார்கழியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வயலிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

வருஷத் திவசம் கழியாமல் அந்த வீட்டில் சுபகாரியம் கிடையாது. துக்கம் கேட்கப் போன எங்களிடம் சம்பந்தி மனம் நொந்துதான் சொன்னார்.

"ஒரு வருஷந்தானங்க. ஓடிப் போயிடும்."

ராமலிங்கம் தலையாட்டினான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்ல ஆரம்பித்தேன். "சொல்லிடலாம் மாப்ளே."

"வேணாம் மாமா. அவங்க மனசு மாறிட்டா?"

இனி ஆபரேஷனாவது செய்துகொள் என்றேன்; அதில் போய்விட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று அதற்கும் மறுத்துவிட்டான். தை வரைக்கும் தாங்குகிற வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். தை நகர்ந்து போய்விட்டது. வைத்தியம் அங்கேயே நின்றுவிட்டது.

சித்திரையில் உடம்பு இறங்க ஆரம்பித்தது. இனிமேல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். ஆடியில் போய்விட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

கருமாதிக்கு வந்த சம்பந்தி சாப்பிட உட்காரவில்லை. என்னைப் பந்தலுக்கு வெளியே அழைத்துப் போனார்.

"அல்சர்னுல்ல சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகள், தை மாதம், சத்தியம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பங்காளிங்க கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சிருப்பேன். செட்டிகுளம் மலைக் கோயில்ல நாலு பேரோட தாலியக் கட்டியிருக்கலாமேங்க."

"வியாதிக் குடும்பம்னு நீங்க நெனச்சிடுவீங்களோன்னு பயந்துட்டான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் இதே வியாதியிலதாங்க போனாங்க. பொண்ணு பாக்க வந்தப்ப உங்ககிட்ட மஞ்சக்காமாலைன்னு சொன்னோம்."