சாயம் இல்லாத பச்சை

சாய்ந்தமருதில் தன் வீட்டுக் கிணற்றை யாராவது குறை சொன்னால் ஹாஜறாவுக்குப் பொல்லாத கோபம் வரும். சுனாமியில் கடல் புகுந்த கிணறு அது. வாப்பா மீராசாஹிபு ஏழு தடவை இறைத்துத் தெளிய வைத்தார். நாலரை வருசமாக வீடே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஹாஜறா பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர். அங்கே கனகரெத்தினம் சேர் சாயமே இல்லாமல் நிறம் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைச் சுத்தமான நீரில் விட்டால், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாமாகவே சம இடைவெளியில் அணிவகுக்கும். அதில் படும் வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வரும். அப்படியே ஜெல்லியாக உறைய வைத்தால் நிறம் நிலைத்துவிடும்.

சொல்வதற்குச் சுகம்தான். ஹாஜறா இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றியதெல்லாம் ஒரு மாதமாக வெறும் பால்வெள்ளை. யுத்தம் முடிந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, இவளுக்கு மூச்சு முட்டியது. ஆனி முடிவதற்குள் ஒரு பச்சைத் தகடாவது வராவிட்டால் அவள் வேலை போய்விடும். ஆய்வுகூடக் குழாயை நம்பாமல், முதல் நாளிலிருந்தே தகடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கிணற்று நீரில் பளபளவென்று கழுவிக் காய வைத்து வந்தாள்.

கூட வேலை செய்யும் நற்பிட்டிமுனை சுஜித்தா ஒருநாள் தகடுகளைத் தூக்க வீட்டுக்கு உதவிக்கு வந்தவள், தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

“என்னகா, தேத்தண்ணி கரிக்குது?”

“எங்கட கிணத்துத் தண்ணி. தெருவே அள்ளிப் போகுது.”

“ஓம், தெருவுக்கே நாக்குப் பழகிட்டு.”

ஹாஜறாவுக்குச் சுருக்கென்றது. உப்புப் பட்டால் மணிகளின் தள்ளும் வலு போய்விடும், அணி குலைந்துவிடும் என்று சேர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு மாதமாக உப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பூசியது அவள் கைதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் வடித்த நீரில் கழுவிய தகடுகளுக்கு நடுவே பச்சை எழுந்தது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்து உறைய வைத்தாள். சேர் ஒரு துண்டை அவளுக்கே கொடுத்தார். அதை வாப்பாவின் கிணற்று வாளித் தண்ணீருக்குள் போட்டுக் காட்டினாள்.

“உப்பு இதக் கெடுக்கும் எண்டாய் மகள்?”

“உறைஞ்ச பிறகு கெடுக்கேலாது வாப்பா.”

பச்சை அப்படியே இருந்தது. மீராசாஹிபு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரிக்கிறது எனக்குத் தெரியும் மகள். சொல்லத்தான் வாய் வரல்ல.”

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, எட்டாவது தடவையாகக் கிணற்றை இறைக்கத் தொடங்கினார்.