பத்து வருஷம் தாங்கும் சிவப்பு

அந்தக் கார் பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கதவுசாத்தி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பின்பக்கத்துப் பெயின்ட் அறையின் கதவை யாராவது ஒரு சாண் திறந்தால் போதும், "தூசி! தூசி!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். ஈரப் பெயின்டில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் செய்த வேலை பாழ். இருபத்திரண்டு வருஷம் இப்படி எல்லோரையும் விரட்டினால், மனிதர்கள் விலகிப் போகாமல் என்ன செய்வார்கள்?

வீட்டில் விரட்டவும் ஆளில்லை. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிறுதோறும் போன் செய்து, "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களாப்பா?" என்பான். இரண்டுக்கும் சேர்த்து "ஆச்சுப்பா" என்று சொல்லி வைக்க ஒன்றரை நிமிஷம் பிடிக்கும். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், நாமே சொல்லிவிடலாம்: மனிதர் ஒரு வாய்ப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தார்.

அந்த ஏக்கம் தீர வருஷத்தில் ஒரு நாள் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் டாக்ஸிக்காரர் வருவார். பழைய வண்டி, ஆனால் பிரேக் காலிப்பர் மட்டும் சிவப்பாக மின்ன வேண்டும் அவருக்கு. பிரேக்கை மிதித்ததும் சக்கரத்துக்குள் சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புதான் காலிப்பர். அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "சட்டை பழசா இருந்தாலும் செருப்பு பளிச்சுன்னு இருக்கணும்ல அண்ணே" என்பார்.

நாலு சக்கரத்தையும் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துரு தேய்த்து, டப்பா பெயின்டை மூன்று பூச்சு பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் டாக்ஸிக்காரர் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். கதவுசாத்தியின் அறைக்குள் நுழைய அனுமதி பெற்ற ஒரே ஆள் அவர்தான். அவருக்காகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அது சும்மா கிடக்கும், ஆனால் தினமும் துடைக்கப்படும்.

"போன வாரம் ஒருத்தர் ஏறினதுமே தூங்கிட்டாருண்ணே. எடம் வந்ததும் எழுப்பினா, நான் எப்பய்யா உன் வண்டில ஏறுனேன்னு சண்டைக்கு வர்றாரு!" என்று டாக்ஸிக்காரர் சொன்னால், கதவுசாத்தி கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பதிலுக்குச் சொல்லத் தானும் வருஷம் முழுக்கக் கதை சேர்த்து வைத்திருப்பார். மறந்துவிடுமே என்று பெயின்ட் டப்பா வந்த அட்டையில் குறித்துக்கூட வைப்பார்.

எல்லாம் சரி, அதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அந்த டப்பா பெயின்டை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது மாதிரி. ஒரு மழையில் மங்கும், பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் தோல் தோலாக உரியும். முதல் வருஷம் பட்டறையில் இருந்தது அது ஒன்றுதான், அதனால் பூசினார். மறு வருஷம் முதலாளி பவுடர் பூச்சுக்கு அடுப்பு வாங்கிப் போட்டார். பெயின்டைப் பொடியாகத் தூவி, இருநூறு டிகிரியில் சுட்டு எடுத்தால் அது இரும்போடு இரும்பாகப் பிடித்துக்கொள்ளும். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு டாக்ஸிக்காரரும் வரமாட்டார். அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்றே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

ஏழாவது தடவை வந்தபோது டாக்ஸிக்காரர் உட்காரவில்லை.

"அண்ணே, பொண்ணு காலேஜ் சேர்ந்துட்டா. இனிமே வருஷாவருஷம் ஒரு நாள் முழுக்க வண்டிய நிறுத்த முடியாது. உரியாம நிக்கிற மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

கதவுசாத்தி கையிலிருந்த டப்பாவையே பார்த்தார். "காலிப்பர் சூடேறுற எடம் தம்பி. எதப் போட்டாலும் இப்படித்தான்" என்றார்.

"சரிண்ணே. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல. ஆரம்பிங்க" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சண்டை போட்டிருந்தால் கதவுசாத்தி சமாளித்திருப்பார். இந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. டப்பாவைத் திறக்கப்போன கை அப்படியே நின்றது.

"இருக்கு தம்பி" என்றார். "பவுடர் பூச்சு. பத்து வருஷம் தாங்கும்."

"இப்பத்தான் வந்துதா?"

"அஞ்சு வருஷமா இருக்கு."

டாக்ஸிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏண்ணே சொல்லல?"

நீ வராமல் போய்விடுவாயே என்ற ஒரு வரிதான் பதில். வருஷம் முழுக்கப் பேச்சைச் சேர்த்து வைத்தவருக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. "வேலை ஜாஸ்தி. அதான்" என்று முணுமுணுத்தார். ஒரு பொய்யை ஒத்துக்கொண்ட கையோடு இன்னொரு பொய். டாக்ஸிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் வேலை அது. காலிப்பரைக் கழற்றி, சூட்டில் கருகிவிடாதபடி உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களை எல்லாம் எடுத்து, மணல் பீய்ச்சித் துருவை உரித்தார். போல்ட் உட்காரும் இடங்களில் பொடி படாமல் டேப் ஒட்டினார். பொடியைத் தூவி அடுப்பில் வைத்துவிட்டு முன்னாலேயே நின்றார். ஆறியபிறகு பிரேக் ஆயிலைத் தொட்டு வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தார். சிவப்பு அசையவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இத்தனை நேர்த்தியாக அவர் ஒருவரால்தான் செய்ய முடியும். அதன்பின் புது ரப்பர் போட்டு, காலிப்பரை வண்டியில் மாட்டி, பிரேக்கை நாலு தடவை சரிபார்த்தார்.

வண்டி எடுக்க வந்த டாக்ஸிக்காரர் குனிந்து பார்த்து, "பிரமாதம்ணே" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. "வரேண்ணே" என்று கிளம்பிவிட்டார். உட்காரச் சொல்லக்கூட நேரமில்லை.

அடுத்த மழைக்காலம் வந்து போனது. நாற்காலி துடைக்கப்பட்டது. டப்பா அட்டையில் பதினோரு கதை சேர்ந்திருந்தது. யாரும் வரவில்லை. டாக்ஸிக்காரர் கோபத்தில் வரவில்லையா, தேவையில்லை என்று வரவில்லையா என்பதுதான் அவரை அரித்தது. கோபம் என்றால்கூடப் போய் மன்னிப்புக் கேட்கலாம். தேவையே இல்லை என்றால் என்ன செய்வது?

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து, சிக்னலில் சாலையைக் கடக்கக் காத்திருந்தார். கை தொடும் தூரத்தில் ஒரு பழைய டாக்ஸி வந்து நின்றது. முன் சக்கரத்துக்குள் சிவப்பு மின்னியது. அந்தச் சிவப்பு யார் கைவேலை என்று அவருக்கா தெரியாது? சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி, இந்த முறை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கண்ணாடியைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? முதலில் குனிந்தார். ஓரத்தில் எங்காவது உரிந்திருக்கிறதா, போல்டைச் சுற்றி வெடித்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை, நேற்று அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

சக்கரம் உருண்டது. அவர் நிமிர்வதற்குள் பச்சை விழுந்து, வண்டி நாலு வண்டிகளுக்கு அப்பால் போய்விட்டது. ஓட்டியவர் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போலப் பெயின்ட் அறைக்குப் போய் நாற்காலியைத் துடைத்தார். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினார்.