கொடிக்கம்பியில் கட்டிய கேபிள்

இடுப்பில் ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடியில் அக்கா நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறி, துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு நெட்வொர்க் கேபிளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"டேய், நான் துணி போடுற கம்பிடா அது. வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

இடம் இருந்தது. சுவருக்குள் குழாய் பதித்து எடுத்திருக்கலாம். ஆனால் அது வேங்கிக்காலில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கட்டிய புது வீடு. கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருடம் ஆகாமல் சுவரில் உளி படக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். இன்டர்நெட் கீழே, கம்ப்யூட்டர் மாடி அறையில். அந்த அறைக்குக் கரண்ட்டும் இல்லை. கரண்ட் ஒயரையும் கூடவே கட்டச் சொன்னார்.

செங்கம் ரோடு விடுதிகளுக்குக் கேபிள் இழுத்துப் பிழைப்பவன் நான். என் கையிலிருந்த சாம்பல் நிற நெட்வொர்க் கேபிள் வீட்டுக்குள் போடுவது. வெயில் பட்டால் தோல் வெடித்துவிடும். வெளியே போடத் தடித்த கறுப்புக் கேபிள் வேண்டும். கரண்ட் ஒயரை அதோடு ஒட்டவே கூடாது. இரும்புக் கம்பியில் கட்டுவது அதைவிடக் கேடு. எல்லாம் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் இழுக்கற, எனக்கு மட்டும் பாடம் நடத்துறியா மச்சான்? ஒரு வருஷம்தான. அப்புறம் நானே சுவத்த ஒடைக்கிறேன்" என்று சிரித்தார்.

பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக் கூடாதாம். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு என் கையால் கட்டினேன். அதை மழுப்ப மாட்டேன்.

சித்திரை வெயிலில் இரண்டு ஒயரும் வெளுத்து, கீறல் விட்டிருந்ததைப் பார்த்தேன். ஆவணியில் வருடம் முடிகிறது என்றார் மாமா. சரி என்றேன். ஆடியில் ஒரு மழை பெய்து ஓய்ந்த காலை, அக்கா ஈரப்புடவையை அந்தக் கம்பியில் போட்டாள். கீழேயிருந்து மாமா இரண்டு முறை கூப்பிட்டாராம். அவள் பதில் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சுவரை உடைக்க விடுவீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு புது வீட்டுக்காரர் மறுத்தார். அக்கா செத்ததைச் சொன்னேன்.

"புது வூட்ல வந்து சாவுக் கதை பேசுறியா? எந்திரிச்சுப் போய்யா!"

நேற்று பஸ்ஸில் அந்த வீடு இருக்கும் தெருவைக் கடந்தேன். வேறு எவனோ வேலையை முடித்திருந்தான். மாடிக் கொடிக்கம்பியோடு இரண்டு ஒயர்கள் சுற்றிக் கிடந்தன. ஒரு பெண் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.